வேலி ஃபோர்ஜில் படை பட்டினி கிடந்தது ஏன்? ஆரம்பகால அமெரிக்கப் படைகளின் ரேஷன், கான்டிராக்ட், கணக்கு

செந்தாழை:

வணக்கம். 1775-லேர்ந்து 1820 வரைக்கும் அமெரிக்கத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் சாப்பாடும் சரக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்துச்சுன்னு வரிசையா புரிஞ்சுக்கப் பார்க்கிறேன். சண்டைகளைப் பத்தி எழுதினது ஏராளமா கிடைக்குது. மூட்டை போன வழியைப் பத்தி எழுதினது கொஞ்சம்தான். மூணு இடத்துல முட்டி நிக்கிறேன்.

1775 நவம்பர் 4 அன்னிக்கு காங்கிரஸ் போட்ட ரேஷன் பட்டியல்ல, ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு மாட்டிறைச்சி, இல்லேன்னா முக்கால் பவுண்டு பன்றி இறைச்சி, இல்லேன்னா ஒரு பவுண்டு உப்பு மீன். ஒரு பவுண்டு ரொட்டி அல்லது மாவு. ஒரு பைன்ட் பால். ஒரு குவார்ட் ஸ்ப்ரூஸ் பியர் அல்லது சைடர். வாரத்துக்கு மூணு பைன்ட் பட்டாணி அல்லது மொச்சைன்னு இருக்கு. இப்படிப் பட்டியல் போட்ட படை ரெண்டே வருஷத்துல, 1777-78 குளிர்காலத்துல வேலி ஃபோர்ஜ் முகாம்ல, அதுவும் பென்சில்வேனியா மாதிரி கோதுமை விளையிற சீமையில, எப்படிப் பட்டினி கிடந்துச்சு?

ரெண்டாவது, கமிசரி, குவார்ட்டர்மாஸ்டர், கான்டிராக்டர் மூணு பேருக்கும் வேலை எங்கே பிரியுது? எந்தச் சீட்டைக் காட்டினா சிப்பாய் கையில மாவு வரும்?

மூணாவது, 1781-ல கான்டிராக்டுக்கு மாறினவங்க 1818-ல அதை ஏன் விட்டாங்க? கடற்படையிலயும் இதே ஏற்பாடுதானா?

கிடங்குக்கணக்கு:

முதல்ல அந்தப் பட்டியலை 10,000 பேருக்குப் பெருக்கிப் பாருங்க. எங்கே நிக்கும், எங்கே விழும்னு அதுலயே தெரியும்.

மாவு நாளைக்கு 10,000 பவுண்டு. அப்போ மாவுப் பீப்பாய் ஒண்ணு 196 பவுண்டு. ஆக, தினம் 51 பீப்பாய். இறைச்சியும் 10,000 பவுண்டு. ஒரு மாட்டுக்கு 400 பவுண்டு கறி தேறும்னு தாராளமாவே வச்சாலும் நாளைக்கு 25 மாடு, மாசத்துக்கு 750. பட்டாணி வாரத்துக்கு 30,000 பைன்ட், அதாவது 470 புஷல் கிட்ட. பால் நாளைக்கு 1,250 கேலன். நடமாடுற முகாமுக்கு இந்தப் பாலை எந்தக் கமிசரியாலும் கொண்டுவர முடியாது. காங்கிரசுக்கும் அது தெரியும். அதனாலதான் பாலுக்குப் பக்கத்துலயே ஒரு டாலர்ல 72-ல் ஒரு பங்கு காசா தரலாம்னு எழுதி வச்சாங்க. மெழுகுவத்தி 100 பேருக்கு வாரம் 3 பவுண்டு, சோப்பு 100 பேருக்கு வாரம் 24 பவுண்டு மெதுசோப்பு அல்லது 8 பவுண்டு கட்டிச்சோப்பு. பட்டியல்ல உயிரான சரக்கு ரெண்டுதான்: மாவும் இறைச்சியும். மத்ததெல்லாம் கிடைச்சா உண்டு.

இனி வேலைப் பிரிவினை. 1775 ஜூன் 16 அன்று காங்கிரஸ் ரெண்டு பதவிகளை உண்டாக்கியது. கமிசரி ஜெனரல் உணவுப்பொருள் வாங்கி வழங்குபவர். குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் வண்டி, குதிரை, தீவனம், கூடாரம், பாதை, படகு, முகாமிடம் இவற்றைப் பார்ப்பவர். மாவு கமிசரியுடையது, மாவு ஏறிவரும் வண்டி குவார்ட்டர்மாஸ்டருடையது. கான்டிராக்டர் பிற்பாடு வந்தவர். அவர் கமிசரியின் வேலையை விலை பேசி எடுத்துக்கொண்ட வியாபாரி.

சிப்பாய்க்கு மாவு வர ஒரு சீட்டு வேண்டும். ரெஜிமென்ட்டின் குவார்ட்டர்மாஸ்டர் ஆள் கணக்கு எடுத்து, எத்தனை பேர், எத்தனை நாளைக்கு, எத்தனை ரேஷன் என்று எழுதுவார். ஒரு ரேஷன் என்பது ஒரு ஆளின் ஒரு நாள் சாப்பாடு. படையோடு இருந்த பெண்களுக்கும் அதிலேயே ரேஷன் சேரும். கமாண்டிங் அதிகாரி கையெழுத்துப் போடுவார். அதற்குப் பெயர் புரொவிஷன் ரிட்டர்ன். வழங்கும் கமிசரி அதை வாங்கி வைத்துக்கொண்டு சரக்கை எடைபோட்டுக் கொடுப்பார். பிறகு அந்தச் சீட்டுகளையெல்லாம் தொகுத்து ஒரு அப்ஸ்ட்ராக்ட் எழுதுவார். அந்த அப்ஸ்ட்ராக்ட்டும் அதற்கு ஆதாரமான சீட்டுகளும் சேர்ந்தால்தான் அவர் கணக்கு நேராகும். சீட்டு ஒன்று தொலைந்தால் அந்தச் சரக்கு அவர் தலையில் விழும்.

'ரிட்டர்ன்' என்ற சொல்லை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இருப்புக் கணக்கு. வரவுக் கணக்கு இல்லை. இந்த வித்தியாசம் தெரியாததால் 1775 ஆகஸ்டில் ஒரு படையே அழிந்திருக்கும். கேம்பிரிட்ஜில் பொறுப்பேற்ற வாஷிங்டன் வெடிமருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டபோது மசாசூசெட்ஸ் சரக்குக் குழு 308 பீப்பாய் என்று எழுதிக் கொடுத்தது. அது அதுவரை திரட்டிய மொத்தம். பங்கர் ஹில் சண்டையில் செலவானதைக் கழிக்கவே இல்லை. கிடங்கைத் திறந்து எண்ணினால் 36 பீப்பாய். பக்கத்துக் காலனிகள் கொண்டுவந்ததையும் சேர்த்து 9,937 பவுண்டு, ஆளுக்கு 9 ரவுண்டுக்கு மேல் வராது. பாஸ்டனை முற்றுகை போட்டிருந்த படை அது. வரவுப் பத்தியை இருப்பு என்று படித்ததைத் தவிர அங்கே வேறு தப்பு எதுவும் நடக்கவில்லை.

இதே மாதிரியான கணக்குக் கவலைதான் 1777 ஜூன் 10 அன்று காங்கிரசை கமிசரித் துறையை இரண்டாக உடைக்க வைத்தது. வாங்குவதற்கு ஒரு கமிசரி ஜெனரல், வழங்குவதற்கு இன்னொருவர். யோசனை சரியானதுதான். வாங்கியவன் கணக்கும் வழங்கியவன் கணக்கும் தனித்தனியாக வந்தால், வாங்கியது = வழங்கியது + கைவசம் + சேதாரம் என்று ஒட்டிப் பார்க்கலாம். ஆனால் அதோடு மூன்று பூட்டுகளையும் போட்டார்கள்: கீழ்நிலை ஆட்களைக் காங்கிரசே நியமிக்கும், கமிஷன் கிடையாது சம்பளம் மட்டும், மாடு வாங்கினால் அதன் நிறமும் அடையாளமும் வரை ஏட்டில் ஏற வேண்டும். ஊர் ஊராக ஓடி மாடு பிடிக்கிறவன் இவ்வளவையும் எழுதிவிட்டு, விலைவாசி ஏறும்போது நிலையான சம்பளத்துக்கு வேலை பார்க்க வேண்டும். அந்தப் பதவியைக் கட்டி எழுப்பியிருந்த ஜோசப் டிரம்புல் தன் ஆட்களைத் தானே வைத்துக்கொள்ள முடியாது என்றதும் ஆகஸ்டில் விலகினார். அவரோடு பழகிய கொள்முதல்காரர்களும் போய்விட்டார்கள். பதிலாக வந்த வில்லியம் பியூகனனுக்கு அந்த வலைப்பின்னல் இல்லை. போர் நடக்கும் கோடையின் நடுவில் இதைச் செய்தார்கள். என் கணிப்பில் வேலி ஃபோர்ஜ் பட்டினி அந்த ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட்டது.

நுகத்தடி:

மேலே சொன்னதில் கொள்முதல் பக்கம் முழுக்கச் சரி. ஆனா பட்டினிக்குப் பாதிக் காரணம் வண்டி. அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

நாலு குதிரை பூட்டின வண்டி ஒரு டன் பக்கம், அதாவது 2,000 பவுண்டு இழுக்கும்னு வச்சுக்குவோம். மரத்தோட எடையைச் சேர்த்தா மாவுப் பீப்பாய் 9 ஏத்தலாம். 10,000 பேர் படைக்குத் தினம் 6 வண்டி மாவு உள்ளே வரணும். கிடங்கு அஞ்சு நாள் தொலைவுல இருந்தா, போக வர 10 நாள். எப்பவும் 60 வண்டியும் 240 குதிரையும் பாதையில இருக்கணும். இது மாவுக்கு மட்டும். ஒரு குதிரைக்கு நாளைக்கு ஏறத்தாழ 14 பவுண்டு வைக்கோல், மேலே 10 பவுண்டு தானியம். வழியில தீவனம் கிடைக்காம எல்லாத்தையும் வண்டியிலயே ஏத்திக்கிட்டுப் போறதா இருந்தா, நாலு குதிரையும் நாளைக்கு 96 பவுண்டு தின்னும். பத்து நாள் போய், பத்து நாள் திரும்புற வண்டி 1,920 பவுண்டு தீவனத்தைத் தின்னுட்டு வெறுமையா வந்து நிக்கும். தொலைவு கூடக்கூட வண்டியைப் பெருக்கினா தீராது. வழிநெடுகத் தீவனக் கிடங்கு வைக்கணும். அது குவார்ட்டர்மாஸ்டர் வேலை.

அந்த வேலைக்கு 1777 அக்டோபர் முதல் ஆளே இல்லை. தாமஸ் மிஃப்லின் பதவி விலகினார். நதானியேல் கிரீன் 1778 மார்ச் 2 அன்று நியமிக்கப்படும் வரை நாற்காலி காலி மாதிரிதான். அஞ்சு மாசம், அதுவும் குளிர்காலம். பாதை பனியிலும் சேற்றிலும் கிடக்க, பழுதான வண்டியைச் செப்பனிட ஆளில்லை, வண்டிக்காரனுக்குக் கூலி இல்லை. தீவனம் இல்லாம நூற்றுக்கணக்குல குதிரைகள் செத்தன. குதிரை செத்த பிறகு சிப்பாய்கள் தாங்களே நுகத்துக்குள்ள புகுந்து விறகும் சரக்கும் இழுத்தாங்க.

இன்னொண்ணு பலரும் விட்டுடுறாங்க: வேலி ஃபோர்ஜ் அதுக்கு முன்னாடி ஒரு கிடங்கு. மாவும் இரும்புச் சாமானும் அங்கே சேர்த்து வச்சிருந்தாங்க. 1777 செப்டம்பர்ல பிரிட்டிஷ் படை அதைக் கைப்பற்றி அழிச்சது. அடுத்த சில நாள்ல பிலடெல்பியாவும் போச்சு. டிசம்பர் 19 அன்னிக்குப் படை போய் இறங்கினது, மூணு மாசம் முன்னாடி காலியான அதே கிடங்குல. டிசம்பர் 23 அன்னிக்கு வாஷிங்டன் காங்கிரசுக்கு எழுதின கடிதத்துல, வெட்டுறதுக்கு ஒரு மாடுகூட இல்லை, மாவு 25 பீப்பாய்க்கு மேல இல்லைன்னு இருக்கு. 25 பீப்பாய்ன்னா 4,900 பவுண்டு. பதினோராயிரம் பேர் இருக்குற முகாமுக்கு ஒரு வேளைக்கே இழுபறி. காலுக்குச் செருப்பும் மேலுக்குத் துணியும் இல்லாததால வேலைக்கு லாயக்கில்லாதவங்க 2,898 பேர்னும் அதே கடிதம் சொல்லுது.

உப்பையும் மறந்துடக் கூடாது. இறைச்சி ரெண்டு வழியில வரும். மாட்டை ஓட்டிக்கிட்டு வந்து முகாம்ல வெட்டலாம். வண்டி வேண்டாம், ஆனா நடந்து நடந்து மாடு இளைக்கும், குளிர்ல மேய்ச்சலும் இருக்காது. இல்லேன்னா இலையுதிர் காலத்துலயே வெட்டி, உப்புக்கண்டமாக்கி, 200 பவுண்டு பீப்பாய்ல உப்புநீரோட அடைச்சு வைக்கணும். அதுக்கு உப்பு வேணும். உப்பு பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகள்லேர்ந்து கப்பல்ல வந்துக்கிட்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைச்சதும் உப்பு விலை ஏறி, பன்றி இறைச்சி இருந்தும் பதப்படுத்த முடியாம போச்சு. நியூ ஜெர்சி கடற்கரையில உப்புக் காய்ச்சினாங்க, அது போதலை. அதனால குளிர்காலத்துக்குக் கையிருப்பே இல்லாம, தினம் வர்ற மாட்டை நம்பிப் படை உட்கார்ந்திருந்தது. மந்தை ஒரு வாரம் தாமதிச்சா ஒரு வாரம் பட்டினி. அப்பதான் மாவைத் தண்ணியில பிசைஞ்சு கல்லு மேல சுட்ட வறட்டு அடையைத் தின்னாங்க.

கிரீன் வந்ததும் செஞ்சது என்னன்னா, டெலவேர் ஆற்றுக்கும் ஹட்சனுக்கும் நடுவுல படை போகக்கூடிய வழியில முன்கூட்டியே தானியமும் வைக்கோலும் சேர்த்தார். ஆட்களைத் தானே பொறுக்கினார். செலவுத் தொகையில 1 சதவீதம் கமிஷன், அவரும் உதவியாளர்கள் ஜான் காக்ஸ், சார்லஸ் பெட்டிட்டும் மூணு பங்கா எடுத்துக்கிட்டாங்க. 1778 ஏப்ரல்ல ஜெரமையா வாட்ஸ்வொர்த் கொள்முதல் கமிசரி ஆனார். ஜூன்ல படை முகாமைக் கலைச்சு நியூ ஜெர்சிக்குள்ள பிரிட்டிஷாரைத் துரத்தினப்ப வழியில தீவனம் இருந்துச்சு. கமிஷன் முறையில செலவு கூடக்கூட வாங்குறவனுக்கு லாபம்ங்கிற குறை உண்மைதான். ஆனா சரக்கு வந்துச்சு.

யார்க்டவுனில் 1781-ல் சரணடைந்த அதே பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ், பத்து வருஷம் கழித்து 1791-ல் சென்னைப் பட்டணத்துப் படையோடு ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போய், இழுவை மாடுகள் தீவனமில்லாமல் செத்ததால் முற்றுகைப் பீரங்கிகளைத் தன் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்பினார். பீரங்கி, மருந்து, ஆள் எல்லாம் இருந்தன. மாடு இல்லை.

செந்தாழை:

ரொம்ப நன்றி. வரவுக்கும் இருப்புக்கும் உள்ள வித்தியாசம் இப்பதான் உறைக்குது. அப்படின்னா 1778-க்கு அப்புறம் ஏற்பாடு நல்லாத்தானே ஓடுச்சு? பிறகு எதுக்குக் கான்டிராக்ட்?

டெண்டர்_நோட்டீஸ்:

பணம் செத்துப்போனதால். கமிசரி முறை ஓட வேண்டுமானால் விவசாயி கையில் வைக்கிற காகிதத்துக்கு மதிப்பு இருக்க வேண்டும். காங்கிரஸ் வரி போட அதிகாரமில்லாமல் நோட்டு அடித்தே செலவு செய்தது. 1779 செப்டம்பரில் 20 கோடி டாலரோடு நிறுத்துவதென்று முடிவெடுத்தார்கள். 1780 மார்ச் 18 அன்று 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அவர்களே மதிப்பைக் குறைத்தார்கள். அந்த நேரத்தில் எவ்வளவு திறமையான கமிசரி போய் நின்றாலும் விவசாயி களஞ்சியத்தைத் திறக்க மாட்டான்.

அதற்கு மாற்றாக 1780 பிப்ரவரி 25-இல் பணத்துக்குப் பதில் பண்டமாகக் கொடுங்கள் என்று மாநிலங்களுக்குப் பங்கு பிரித்தார்கள்: இவ்வளவு இறைச்சி, இவ்வளவு மாவு, இவ்வளவு ரம், இவ்வளவு தீவனம். இது நுகத்தடி சொன்ன இடத்தில்தான் உடைந்தது. மாநிலம் தன் எல்லைக்குள் ஓரிடத்தில் சரக்கைக் குவித்துவிட்டால் கடமை முடிந்தது. அங்கிருந்து படைக்குக் கொண்டுபோக வண்டிக்கூலி யாரிடமும் இல்லை. ஒரு பக்கம் சரக்கு கெட்டுக்கொண்டிருக்க, மறுபக்கம் படை பசித்துக் கிடந்தது.

1781 பிப்ரவரியில் நிதிப் பொறுப்பாளரான ராபர்ட் மோரிஸ் கான்டிராக்டைக் கொண்டுவந்தார். முறை இதுதான்: நோட்டீஸ் கொடுத்து மூடிய டெண்டர் வாங்குவது. விலை பவுண்டுக்கு அல்ல, ஒரு முழு ரேஷனுக்கு. எந்தெந்த முகாமில் வழங்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். இடம் தள்ளிப்போனால் விலை கூடும். கொள்முதல், வண்டி, கிடங்கு, சேதாரம், வழங்குதல் எல்லாம் கான்டிராக்டர் தலையில். அரசாங்கத்துக்கு மிச்சம் ஒரே வேலை: எத்தனை ரேஷன் வழங்கப்பட்டது என்று சீட்டுகளை எண்ணி மாதாமாதம் காசு கொடுப்பது. அதிகாரிகள் பட்டாளத்தையே வீட்டுக்கு அனுப்பலாம். மலிவும் கூட.

பலவீனம் கடைசி வரியில் இருக்கிறது. மாதாமாதம் காசு கொடுத்தாக வேண்டும். கான்டிராக்ட் எடுத்த வியாபாரி கம்ஃபர்ட் சாண்ட்ஸ், அவர் கூட்டாளிகளின் விலை ரேஷனுக்கு 10 பென்ஸ் அளவில் இருந்தது. மோரிஸால் பட்டுவாடா செய்ய முடியவில்லை. கான்டிராக்டர் தரப்பிலும் மோசமான இறைச்சி, முகாமிலிருந்து தள்ளி வழங்குமிடம் என்று வாஷிங்டனிடம் ஓயாத புகார். 1782 அக்டோபரில் அந்த ஒப்பந்தம் உடைந்தது. வாட்ஸ்வொர்த்தும் கார்ட்டரும் எடுத்துக்கொண்டார்கள். விலை 13 பென்ஸ், மூன்று மாதக் கடன். அந்த மூன்று பென்ஸ் வித்தியாசம் முழுக்கக் கடனுக்கான வட்டி என்றே நான் வாசிக்கிறேன். கையில் காசிருந்தால் 10 பென்சிலேயே நடந்திருக்கும்.

குறைந்த விலைக்கு எடுக்கிறவன் என்ன செய்வான் என்பதை 1791 காட்டியது. தளபதி ஆர்தர் செயின்ட் கிளேர் ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே, பூர்வகுடிகள் மீது படையெடுக்க வேண்டும். ரேஷன் கான்டிராக்ட் வில்லியம் டூயர் கைக்கு வந்தது. வேறொருவர் எடுத்த ஒப்பந்தத்தை அவர் மாற்றி வாங்கிக்கொண்டார். அவர் கருவூலத்தில் உதவிச் செயலாளராக இருந்தவர், நிலத்திலும் பங்குப் பத்திரத்திலும் பெரிய சூதாடி. முன்பணம் வாங்கியாயிற்று. பொதிக்குதிரைகளும் மாவும் போதுமான அளவு வரவில்லை. குவார்ட்டர்மாஸ்டர் சாமுவேல் ஹாட்ஜ்டன் கோடையெல்லாம் கிழக்கே தங்கிவிட்டு, செப்டம்பரில்தான் ஃபோர்ட் வாஷிங்டனுக்கு, இன்றைய சின்சினாட்டிக்கு, வந்து சேர்ந்தார். கூடாரத் துணி மழைக்கு ஒழுகியது, வெடிமருந்து பற்றியும் புகார். கோடையில் கிளம்ப வேண்டிய படை இலையுதிர் காலத்தில் கிளம்பியது. புல் கருகிவிட்டால் குதிரைக்கும் மாட்டுக்கும் மேய்ச்சல் இல்லை. ஆகவே தாமதம் என்பது தானாகவே தீவனப் பஞ்சமாக மாறும்.

அக்டோபர் 31 அன்று 60 மிலிஷியா (ஊர்ப்படை) ஆட்கள் முகாமை விட்டு ஓடினார்கள். வழியில் வந்துகொண்டிருக்கும் மாவு வண்டிகளை அவர்கள் கொள்ளையடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் செயின்ட் கிளேர் தன்னிடமிருந்த ஒரே பழகிய ரெஜிமென்ட்டான முதலாம் ரெஜிமென்ட்டைப் பின்னால் அனுப்பினார். நவம்பர் 4 காலையில் பூர்வகுடிப் படைகள் சூழ்ந்தபோது அந்த ரெஜிமென்ட் அங்கே இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மாவு வண்டியைக் காக்கப் போனதால் படை விழுந்தது. 1792-இல் பிரதிநிதிகள் சபை நடத்திய விசாரணை தளபதியை விட்டுவிட்டு கான்டிராக்டரையும் குவார்ட்டர்மாஸ்டரையும் சுட்டியது. டூயர் அந்த மார்ச்சில் திவாலானார்.

அதன்பின் வந்த தீர்வு, என் பார்வையில், தப்பான இடத்தில் கட்டுப் போட்டது. 1792 மே 8 சட்டம் படைக்கான கொள்முதலையெல்லாம் கருவூலத்துக்கு மாற்றியது. போர்த் துறை என்ன வேண்டும் என்று சொல்லும், கருவூலம் வாங்கும். 1795-இல் பர்வேயர் என்ற கொள்முதல் அதிகாரி பதவி வந்தது. 1798-இல் அதிகாரம் திரும்பப் போர்த் துறைக்கும் கடற்படைத் துறைக்கும் போனது. இவ்வளவு மாற்றத்திலும் ரேஷன் மட்டும் கான்டிராக்டர் கையிலேயே இருந்தது. பிரிட்டனோடு நடந்த 1812 போரில் மறுபடி அதே கதை. கான்டிராக்டர் ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அவர் தவறினால் தளபதி வெளியில் வாங்கி, கூடுதல் செலவை கான்டிராக்டர் கணக்கில் எழுதலாம். காட்டு நடுவில் வெளிச்சந்தை எங்கே இருக்கிறது?

1818 ஏப்ரல் 14 சட்டம்தான் முடிச்சை அவிழ்த்தது. ஜான் கால்ஹவுன் போர்ச் செயலாளராக இருந்த காலம். டெண்டரை வைத்துக்கொண்டார்கள், ஆனால் டெண்டர்காரன் வேலை, சொன்ன கிடங்கில் மொத்தச் சரக்கை இறக்குவதோடு முடிந்தது. அங்கே தரம் பார்த்து ஏற்பார்கள் அல்லது தள்ளுவார்கள். அங்கிருந்து சிப்பாய் தட்டு வரை ராணுவ அதிகாரி பொறுப்பு. ஜார்ஜ் கிப்சன் சப்சிஸ்டன்ஸ் கமிசரி ஜெனரல் ஆனார். அதே 1818-இல் தாமஸ் ஜெசப் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல் ஆனார். இருவரும் நாற்பது வருடத்துக்கு மேல் அதே நாற்காலியில் இருந்தார்கள் என்பதும் சேர்த்துக் கவனிக்க வேண்டியது. டிரம்புல் போனபோது இழந்தது திரும்பச் சேர அவ்வளவு காலம் வேண்டியிருந்தது.

கிடங்குக்கணக்கு:

ஒரு சின்னச் சேர்க்கை. 1802 மார்ச் 16 சட்டம் குவார்ட்டர்மாஸ்டர் துறையையே எடுத்துவிட்டு, மிலிட்டரி ஏஜென்ட் என்ற சிவில் ஆட்களை வைத்தது. 1812 மார்ச் 28 அன்றுதான் குவார்ட்டர்மாஸ்டர் பதவி திரும்ப வந்தது. ஜூனில் போர். இரண்டரை மாதத்தில் வண்டி, தீவனம், பாதைக்கான துறையை வெறுந்தரையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. 1812 தோல்விகளில் பாதி அங்கே இருக்கிறது. கான்டிராக்டரை மட்டும் குற்றம் சொன்னால் போதாது.

துணி பற்றி யாரும் சொல்லவில்லை. 1790 ஏப்ரல் சட்டப்படி ஆளுக்கு வருடத்துக்குத் தொப்பி ஒன்று, கோட்டு ஒன்று, வெஸ்ட் ஒன்று, கம்பளி ஓவரால் இரண்டு, லினன் ஓவரால் இரண்டு, சட்டை நாலு, பூட்ஸ் நாலு ஜோடி, சாக்ஸ் இரண்டு ஜோடி, போர்வை ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, பக்கிள் ஒரு ஜோடி. மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் என்பது நடக்கிற படைக்கு எவ்வளவு தேய்மானம் என்று காட்டும். இதில் அடிக்கடி நேர்ந்த கோளாறு அளவு. எல்லாம் ஒரே அளவில் வந்து சேர்ந்தால், எண்ணிக்கை ஏட்டில் சரியாக இருக்கும், காலில் ஏறாது.

பாய்மரம்:

கடற்படைக்கு வருகிறேன். அங்கே பிரச்சினை வேறு மாதிரி. தரைப்படை தினமும் வாங்கலாம். கப்பல் கிளம்பும்போது ஏற்றியதுதான், மறு துறைமுகம் வரை.

1794 மார்ச் 27 சட்டம் ஆறு ஃபிரிகேட் போர்க்கப்பல்களுக்கு அனுமதி தந்தது. அதே சட்டத்தின் எட்டாம் பிரிவிலேயே கிழமை கிழமையாகச் சாப்பாடு எழுதப்பட்டிருக்கிறது. தினமும் ஒரு பவுண்டு ரொட்டி, அரை பைன்ட் சாராயம் அல்லது ஒரு குவார்ட் பியர். ஞாயிறும் செவ்வாயும் ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி. திங்கள், வியாழன், சனி ஒரு பவுண்டு பன்றி இறைச்சியும் அரை பைன்ட் பட்டாணியும். வெள்ளி ஒரு பவுண்டு உப்பு மீன். புதன் கவிச்சி கிடையாது. அரிசி, பாற்கட்டி, வெண்ணெய் அல்லது மொலாசஸ். செவ்வாயும் வெள்ளியும் உருளைக்கிழங்கு. 450 பேர் உள்ள பெரிய ஃபிரிகேட்டுக்கு வாரம் 3,150 பவுண்டு ரொட்டி, தினம் 28 கேலன் சாராயம். ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்றால் தினம் 3,700 பவுண்டுக்கு மேல் எடை. கப்பல் அடிவயிற்றில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக இடத்தைத் தண்ணீர்ப் பீப்பாய்களே பிடிக்கும்.

நீண்ட பயணத்தில் முதலில் போவது உருளைக்கிழங்கு, டர்னிப். 1801 சட்டத்தில் அவை பட்டியலிலிருந்தே நீங்கின. ரொட்டி 14 அவுன்ஸ் ஆனது, மாவும் கொழுப்பும் புதிதாக வந்தன. பட்டியலை எழுதியவர்கள் அனுபவத்தில் கற்றது அது.

பீப்பாய்தான் உயிர்நாடி. உப்பிறைச்சிப் பீப்பாயில் உப்புநீர் கசிந்தால் மேல் அடுக்கு காற்றுப்பட்டு அழுகும். பிறகு முழுப் பீப்பாயும் நாறும். பச்சை மரத்தில் செய்த பீப்பாய் காயும்போது பலகை சுருங்கி வளையம் தளரும். அதனால் ஏற்றும்போது தட்டிப் பார்க்க வேண்டும், அடைப்பைத் திறந்து உப்புநீர் விளிம்பு வரை இருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் ஊற்றி நிரப்ப வேண்டும். ரொட்டிக்கு நேர்மாறு: ஈரமே ஆகாது. ரொட்டி அறைக்குள் தகரம் அடிப்பார்கள், எலிக்கும் ஈரத்துக்கும் சேர்த்து.

நிர்வாகத்தில், 1798 ஏப்ரல் 30 வரை கடற்படைக்குத் தனித் துறை கிடையாது. ஆறு கப்பல்களையும் கட்டச் சொன்னது போர்த் துறை, மரமும் செம்பும் வாங்கியது கருவூலம், கட்டியது ஆறு வெவ்வேறு துறைமுகங்களில். ஜோஷுவா ஹம்ஃப்ரிஸ் வடிவமைப்பில் சட்டக்கூட்டுக்கு ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளின் லைவ் ஓக் மரம் வேண்டும். பச்சையாக இருக்கும்போது தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், கோடரி முனை மழுங்கும் கெட்டி. ஒவ்வொரு வளைவுக்கும் மர அச்சு செய்து ஜார்ஜியாவுக்கு அனுப்பி, அந்த அச்சுக்குப் பொருந்தும் கிளையைத் தேடி வெட்ட வேண்டும். வடக்கிலிருந்து போன மரவெட்டிகள் காய்ச்சலில் விழுந்தார்கள், பலர் ஓடிவிட்டார்கள். ஆறு தளத்திலும் ஆட்கள் மரத்துக்காகக் காத்திருந்தார்கள். 1794-இல் அனுமதித்த கப்பல்களில் முதலாவது 1797 மே மாதம்தான் தண்ணீரில் இறங்கியது. கான்ஸ்டிட்யூஷன் அக்டோபர் 21 அன்று. நடுவில், எந்தப் பகைக்காகக் கட்டத் தொடங்கினார்களோ அந்த அல்ஜியர்ஸோடு சமாதானமாகி மூன்று கப்பலோடு நிறுத்தவும் சொன்னார்கள். ஒரே தளத்தில் வரிசையாகக் கட்டியிருந்தால் வேகமாக முடிந்திருக்கும். ஆறு ஊருக்கும் வேலை கிடைக்க வேண்டும் என்ற அரசியல் கணக்கு அங்கே முந்திக்கொண்டது.

பெஞ்சமின் ஸ்டோடர்ட் முதல் கடற்படைச் செயலாளர். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு வியாபாரியை நேவி ஏஜென்டாக வைத்து வாங்கினார். கப்பலுக்குள் சரக்கு பர்சர் என்ற கணக்கதிகாரியின் பொறுப்பு. ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். உணவு அரசாங்கக் கணக்கு. துணி, புகையிலை, சோப்பு முதலானவற்றை மாலுமிக்குக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் கழிப்பார், அதில் அவருக்கு லாபம். தப்பு நடக்கும் இடமும் அதுவே. மாலுமி இறந்தாலோ ஓடினாலோ அவன் கடனை எதில் கழிப்பது என்ற வழக்குகள் பர்சர் கணக்குகளில் நிறைய.

1801 முதல் மத்தியதரைக்கடலில் திரிப்போலிக்கு எதிராக நின்ற அணிக்கு ஜிப்ரால்டர், மால்டா, சிரக்கூஸ் போன்ற துறைமுகங்களில் சரக்கு இறக்கிவைத்தார்கள். அங்கே இன்னொரு கணக்கும் இடித்தது. மாலுமிகளின் ஒப்பந்தம் ஒரு வருடம்தான். கப்பல் போய்ச் சேர்ந்து சரக்கு நிரப்பி நிலைகொள்வதற்குள் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் நாள் வந்துவிடும். 1802-இல் அதை இரண்டு வருடமாக்கினார்கள். சரக்கும் ஆளும் ஒரே நாட்காட்டியில் ஓடாவிட்டால் கப்பல் பாதி வாழ்நாளைப் போக்குவரத்திலேயே கழிக்கும்.

செந்தாழை:

மூணு பேருக்கும் நன்றி, நாலாவதா கடல் பக்கம் எழுதினவருக்கும். கடைசியா ஒண்ணு: பழைய பதிவுகள்ல '600 ரேஷன் வழங்கப்பட்டது'ன்னு பார்த்தா அங்கே 600 பேர் இருந்தாங்கன்னு எடுத்துக்கலாமா?

கிடங்குக்கணக்கு:

கூடாது. அதிகாரிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ரேஷன் உண்டு. 1802 சட்டப்படி கர்னலுக்கு 6, மேஜருக்கு 4, கேப்டனுக்கு 3, லெப்டினன்டுக்கும் என்சைனுக்கும் 2. ஒரு கம்பெனியில் கேப்டன் ஒருவர், லெப்டினன்ட் இருவர், என்சைன் ஒருவர் என்றால் நாலு ஆளுக்கு 9 ரேஷன். சிலர் அதைச் சரக்காக வாங்காமல் கான்டிராக்ட் விலையில் காசாக வாங்கிக்கொள்வார்கள். அப்போது சரக்குக் கணக்கில் ஆளே தெரியாது, பணக் கணக்கில் தெரியும். பெண்களின் ரேஷன் இருக்கிறதா, எத்தனை நாளைக்கான சீட்டு என்றும் பாருங்கள். 600 என்பது 200 பேருக்கு மூன்று நாள் ரேஷனாகவும் இருக்கலாம். ஆள் எண்ணிக்கைக்கு மஸ்டர் ரோல், அதாவது ஆட்களின் பெயர்ப் பட்டியல், தேடுங்கள்.

தேடும்போது 1800 நவம்பர் 8-ஐ நினைவில் வையுங்கள். அன்று வாஷிங்டன் நகரில் போர் அலுவலகம் தீப்பிடித்து அதுவரையான துறைக் காகிதங்கள் எரிந்தன. அதற்கு முந்தைய கணக்குக்கு அலுவலகப் பிரதி கிடைக்காது. மறுமுனையில் யார் கையில் நகல் தங்கியது என்று பார்க்க வேண்டும். கடிதம் எழுதிய தளபதி, சரக்குக் கொடுத்த வியாபாரி, வவுச்சர் போய்ச் சேர்ந்த கருவூலம். ஒரே ஒப்பந்தத்தின் மூன்று துண்டுகள் மூன்று இடத்தில் இருக்கும். வழங்கிய அப்ஸ்ட்ராக்ட்டையும் கருவூலம் பட்டுவாடா செய்த தொகையையும் ரேஷன் விலையால் வகுத்து ஒட்டிப் பாருங்கள். இரண்டும் பொருந்தாத மாதத்தில்தான் வழக்கமாக ஏதோ நடந்திருக்கும்.